ரெண்டு காதும் இருந்த கரடி

எழுதிக்கங்க சார். மொத வரியா இதையே எழுதிக்கங்க. உங்க டிபார்ட்மெண்டு தப்பான கரடியப் பிடிச்சிட்டுப் போயிருச்சு. எங்களுக்குத் தொந்தரவு குடுத்த கரடி வேற, கூண்டுல மாட்டுன கரடி வேற. தொந்தரவு குடுத்தது இன்னும் இதே ஓடைமட்டத்துலதான் சுத்திக்கிட்டிருக்கு. ஒரு பாவமும் அறியாததை வண்டியில ஏத்திக் கொண்டுபோய் எந்தக் காட்டுலயோ விட்டுட்டு ஃபைல மூடிட்டாங்க. அதைத் திருப்பிக் கொண்டாந்து விடணும். அதுதான் என் கோரிக்கை. பேரு நஞ்சப்பன். வயசு அறுபத்தொண்ணு. டீ ஃபேக்டரியில இருந்து ரிட்டயர்டு. இப்ப இந்தக் காளியம்மன் கோயிலுக்கு நான்தான் பூசாரி.

உக்காருங்க சார். அந்தக் கல்லு ஈரம், சாக்கு விரிச்சுத் தர்றேன். மயிலா, சாருக்கு ஒரு டீ கொண்டா! என் சம்சாரம் சார், மயிலாத்தா. வலது கையத் தூக்க முடியாது, மெதுவாத்தான் வருவா.

நீங்க புதுசா மாத்தலாகி வந்த வனவரு, இல்லீங்களா? பொறுமையாக் கேக்கறீங்க. இதுக்கு முன்ன இருந்தவரு நான் வாயத் தொறந்தாலே ஃபோன எடுத்துக் காதுல வெச்சுக்குவாரு. இந்தப் பதினோரு நாளுல ஏழு மனு குடுத்திருக்கேன் சார். ஏழு! ஒண்ணுக்காச்சும் ஒரு வரி பதில் வந்துச்சா? ஒரு மனுஷன் நாயா கத்தறானே, என்னதான் சொல்றான்னு செத்த நேரம் காது குடுத்துக் கேட்டா என்ன கொறஞ்சா போயிரும்? நாட்டுல யாரும் யாரு சொல்றதையும் கேக்கறதில்ல சார். அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

சரி, ஆரம்பத்துல இருந்து வர்றேன்.

கோயிலுக்கு வெளிய அந்தக் கல்விளக்கு பாத்தீங்களா? செவ்வாயும் வெள்ளியும் எஸ்டேட்டு லைன் வீட்டுச் சனமெல்லாம் ஆளுக்கொரு பாட்டில் நல்லெண்ணெய் கொண்டாந்து அதுல ஊத்துவாங்க. அம்மனுக்குன்னு ஊத்துன எண்ணெயத் திரும்ப மொண்டு உள்ள கொண்டுபோய் வைக்கறது இங்க வழக்கமில்ல. ஊத்துனா ஊத்துனதுதான். எரிஞ்சுதான் தீரணும். வைகாசி கடைசியில ஒரு நாள் காலையில வந்து பாக்கறேன், விளக்கு கழுவித் தொடச்சு வெச்சாப்ல கெடக்கு. ஒரு சொட்டு இல்ல. திரியக்கூட விட்டு வைக்கல. சுத்தியும் ஈர மண்ணுல காலடி. மனுஷக் காலு மாதிரியே இருக்கு, ஆனா முன்னாடி நகம் நகமாப் பதிஞ்சிருக்கு. அட கண்றாவியே, கரடி!

நான் ஒண்ணும் அதுக்கு விரோதி இல்ல சார். ஒரு நாளு ரெண்டு நாளுன்னா அம்மனப் பாக்க வந்துச்சுன்னு விட்டுருவேன். இது தெனமும் வந்துச்சு. விளக்கு தீந்ததும் உள்ள எண்ணெய் டின் இருக்குன்னு மோப்பம் பிடிச்சிருச்சு. ஒரே தள்ளு, கதவு போச்சு. ஆசாரியக் கூட்டியாந்து மாட்டுனேன், மறுபடியும் போச்சு. மூணாவது தடவ ஆசாரியே கையெடுத்துக் கும்புட்டுட்டு, "பூசாரி, என்ன விட்டுருங்க"ன்னு போயிட்டான்.

லைன்ல ரெண்டு மூணு பசங்க சுருக்குக் கம்பி வெச்சரலாம்னானுங்க. ஒருத்தன் வெடியே வெச்சரலாம்னான். நான்தான் சார் தடுத்தேன். அது சட்டப்படி தப்பு, அம்மன் எல்லையில ஒரு உசிரு போகக் கூடாது, முறையா வனத்துறைக்கு எழுதுவோம்னேன். எழுதிப் போட்டா ரெண்டு பேரு வந்தாங்க. நாலு மரத்துல கேமரா கட்டுனாங்க. கூண்டு வைக்கணும்னா மெட்ராஸ்ல இருந்து பெரிய அதிகாரி அனுமதி குடுக்கணும், அதுவரைக்கும் இதப் பாத்து நடந்துக்கங்கன்னு ஒரு நோட்டீஸ நீட்டுனாங்க. எண்ணெய், வெல்லம், பழம் வெளிய வைக்காதீங்க. குப்பையக் குழியில போட்டு மூடுங்க. பொழுது சாஞ்சா தனியா நடமாடாதீங்க. எப்படி இருக்கு பாருங்க! கோயில்ல எண்ணெய் வைக்காம பின்ன எங்க வைப்பாங்க? ஆஸ்பத்திரியிலயா?

மயிலாவும் சேந்துக்கிட்டா. "அவுங்க சொல்றது நெசந்தானுங்க. அன்னன்னிக்கு எரியற அளவுக்கு ஊத்துங்க, மிச்சத்த நம்ம வீட்டு இரும்புப் பெட்டியில வெச்சுப் பூட்டிக்கலாம்"னா. நான் சொன்னேன், உனக்கு இதெல்லாம் தெரியாது, நீ போய் அடுப்பப் பாருன்னு. கோயில் நடைமொறையப் பத்தி அவகிட்ட என்ன பேசறது?

நானே ஒரு யோசன பண்ணேன் சார். கதவ எதுக்கு உடைக்குது? எண்ணெய்க்கு. எண்ணெய் வெளியவே கெடச்சா கதவத் தொடுமா? ஒரு மண்சட்டி நெறைய எண்ணெய ஊத்தி, அதோ அந்தக் கொய்யா மரத்தடியில வெச்சேன். வந்தியா, குடிச்சியா, போனியான்னு இருக்கட்டும்னு. கதவுப் பக்கமே போகல சார்! நான் சொல்லல?

அய்யோ, அப்படி எழுதாதீங்க. தீனி போட்டேன்னு எழுதாதீங்க. அது தீனி இல்ல. அது ஒரு ஏற்பாடு.

டீ வந்திருச்சு, குடிங்க. சக்கர பத்துதான்னு பாருங்க. மயிலா, நீ உள்ள போ, நாங்க பேசிக்கிட்டிருக்கோம். சரி, நிக்கட்டும் விடுங்க.

எங்க விட்டேன்? ஆங், சட்டி. அதுல இருந்து கரடி நேரங்காலத்தோட வர ஆரம்பிச்சிருச்சு. முன்னெல்லாம் ஊரடங்குனப்பறம் வந்தது, இப்ப பொழுது எறங்கறப்பவே வந்து நிக்குது. நான் சன்னல் வழியா அத நல்லாப் பாத்திருக்கேன். ஆம்பளக் கரடி, மொரட்டு உருவம். எடது காதுல பாதிதான் இருக்கும், எப்பவோ எதுகூடவோ சண்ட போட்டுக் கிழிஞ்சது. ஒத்தக்காதன்னுதான் நான் பேரே வெச்சிருந்தேன்.

ஒரு சாயங்காலம், அஞ்சரை இருக்கும், மயிலா வெறகுக் கட்டோட வந்திருக்கா. கொய்யா மரத்தடியில அது சட்டிய நக்கிக்கிட்டிருக்கு. பனி வேற மூடிக்கிச்சு, இவ பாக்கல. மேல விழுந்து தோளக் கிழிச்சிருச்சு சார். பதினாலு தையல். வெறகுக் கட்டு நடுவுல மாட்டுனதால உசிரு தப்புச்சு. அவ எதுக்கு அந்த வழியா வரணும்? சுத்திக்கிட்டு ஃபேக்டரிப் பக்கமா வந்திருக்கலாமில்ல? நான் ஆஸ்பத்திரியிலயே கேட்டேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

அப்பறம்தான் சார் எல்லாருக்கும் சூடு ஏறுச்சு. கொழுந்து பறிக்கற பொம்பளைங்க ஒருத்திகூட தேயிலக் காட்டுக்குள்ள எறங்க மாட்டேன்னுட்டா. எஸ்டேட்டு வேல நின்னுச்சு. அனுமதியும் வந்திருச்சு. கூண்டு வந்துச்சு, கீழ ஓடையோரமா எறக்குனாங்க. பலாப்பழம் வெச்சாங்க, தேன் தடவுனாங்க. அஞ்சு நாளு ஈ மொய்ச்சதுதான் மிச்சம். அட அறிவு கெட்டவங்களா, அது எண்ணெய்க்குப் பழகுன கரடின்னு நான் சொல்லி, என் கையாலயே கூண்டுக்குள்ள எண்ணெய ஊத்துனேன். மறுநாள் விடிகாலையில கூண்டு விழுந்த சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு.

ஓடுனோம். லைனே தெரண்டு வந்திருச்சு. நாப்பது அம்பது பேரு, எல்லார் கையிலயும் ஃபோனு. ஒருத்தன் பட்டாசு சரமே கொண்டாந்துட்டான். ரேஞ்சரு, கால்நடை டாக்டரு, வண்டி, எல்லாம் ஏழு மணிக்குள்ள ஆஜரு. நானும் போய் கம்பிக்கு நடுவுல பாத்தேன்.

ரெண்டு காது சார். ரெண்டும் முழுசா இருக்கு.

ஒத்தக்காதனவிட உருவமும் சின்னது. கத்தல, பாயல. கூண்டுக்குப் பின்னால இருந்த மரங்களையே பாத்துக்கிட்டு ஊ ஊன்னு மொணகுது.

சொன்னீங்களான்னு கேக்கறீங்க. சொல்ற மாதிரி நெலமையா சார் அது? ஒரு பக்கம் விசில் அடிக்கறானுங்க. ஒரு பக்கம் நாளைக்கு வேலைக்குப் போலாம்னு பொம்பளைங்க சிரிக்குதுங்க. ரேஞ்சரு ஒரு பேப்பர நீட்டி, "பூசாரி, நீங்கதான தெனமும் பாத்தவரு, இதுதான?"ன்னு கேக்கறாரு. நாலு பேரு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுட்டாங்க. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க. போட்டேன். எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். கரடியப் பிடிக்கறது உங்க வேல, அது எந்தக் கரடின்னு பாக்கறதும் உங்க வேலதான? கேமராவுல இல்லியா, ஒத்தக் காது? உங்காளுங்க பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமில்ல?

இவளும் வந்தா, கையக் கழுத்தோட தொட்டில் மாதிரி கட்டிக்கிட்டு. பாத்துட்டு, "இது இல்லீங்க"ன்னா. என் சட்டையப் பிடிச்சு இழுத்து என்னென்னமோ சொல்றா. அவ கெடக்கறா சார், பயந்து போயிருந்தா. சும்மா இருடின்னேன்.

அவள அடிச்ச கரடிய அவளுக்குத் தெரியாதாங்கறீங்க. தெரியும். யாரு தெரியாதுன்னா? அதுக்கு அத்தன ஆம்பளைங்களுக்கு நடுவுல நின்னு, என்னப் பேச விடாம, அவ பேசறதா?

வண்டி போச்சு. பட்டாசு வெடிச்சாங்க. மூணாம் நாளு பொழுது சாய கொய்யா மரத்தடியில பாக்கறேன், ஒத்தக்காதன் ராஜா மாதிரி உக்காந்து சட்டிய நக்கிக்கிட்டிருக்கான். எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஆமா, சட்டி இப்பவும் வைக்கறேன். வைக்கலேன்னா கதவு போயிருமே சார், நீங்களா வந்து மாட்டுவீங்க?

அது போகட்டும். அதவிடக் கொடும ஒண்ணு இருக்கு. விடிகாலையில ஓடைப்பக்கம் ஒரு குட்டி கத்துது. பிடிச்சுட்டுப் போனது தாய்க்கரடி சார். பச்சக் கொழந்த அழுவற மாதிரியே இருக்கும் அந்தச் சத்தம். நான் பூச மணிய ஆட்டறேன், அதுக்கு மேல கேக்குது. பதினோரு நாளா எனக்குச் சோறு எறங்கல. குட்டி அந்த ஒத்தக்காதன் கண்ணுல பட்டுச்சுன்னா கொன்னு போட்டுரும். அதுக்குத்தான் சார் இத்தன மனுவும். தாயத் திருப்பிக் கொண்டாங்க, சீக்கிரம் கொண்டாங்கன்னு தலையால அடிச்சுக்கறேன்.

எனக்கு ஆத்திரம் எதுலன்னா, பிடிக்கறதுக்கு முன்ன குட்டி இருக்கான்னு பாக்க வேண்டாமா? அதுதான சட்டம்? அதுதான மனுஷத்தனம்? அந்த டாக்டரு அத்தன வருஷம் படிச்சவரு. மயக்க ஊசி போட்டு, காது, வாயி, காலுன்னு எல்லாம் அளந்து எழுதறாரு. பால் கட்டியிருக்கறது தெரியாதா? யாரையாவது விசாரிச்சிருக்க வேண்டாமா? ரெண்டு நாளு பொறுத்துப் பாத்திருந்தா குட்டியே தானா எறங்கி வந்திருக்கும். பொறுப்பத்தவங்க சார். இதக் கொட்ட எழுத்துல எழுதுங்க.

சரி, எந்த மனுவப் பாத்துட்டு வந்தீங்க? மூணாவதா? அதுல கொஞ்சம் காட்டமாத்தான் எழுதியிருந்தேன். இல்லியா? அப்ப கலெக்டருக்கு நகல் போட்டேனே, ஆறாவது, அதுவா?

ஏழும் இல்லியா? ஏழும் அங்க ஆபீசு ஃபைல் கட்டுல கெடக்கா, நீங்க பாக்கவே இல்லியா? பின்ன எதப் பாத்து சார் இவ்வளவு தூரம் மல ஏறி வந்தீங்க? கையில என்ன காயிதம் அது? குடுங்க, நானே பாக்கறேன். கண்ணாடி எங்க? இந்தா இருக்கு.

இது என் எழுத்தில்லியே.

'ஐயா அவர்களுக்கு, ஓடைமட்டம் மயிலாத்தாள் எழுதிக்கொள்வது. கரடி அடித்துத் தோளில் தையல் போட்டவள் நான்தான். கூண்டில் பிடித்தது என்னை அடித்த கரடி இல்லை.'

மயிலா? இத எப்ப எழுதுன? தையல் பிரிக்கத் தனியாப் போனியே, அன்னிக்கா? நான் பூச இருக்குன்னு வரல. அன்னிக்கே வனத்துறை ஆபீசுல குடுத்துட்டியா?

இருங்க சார், படிக்கறேன். நானே படிக்கறேன்.

'அது தாய்க்கரடி. மடியில் பால் இருந்தது. அதன் குட்டி கூண்டுக்குப் பின்னால் ஒரு மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. மேலே பாருங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் மூன்று முறை சொன்னேன். குட்டி இருக்கிறதா என்று டாக்டர் அவரிடம் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்று சொன்னார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். டாக்டர் மேல் தப்பு இல்லை.

குட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதே மரத்துக்குத்தான் தினமும் வருகிறது. நான் தின்ன எதுவும் போடவில்லை. போடக் கூடாது என்று நோட்டீசில் இருக்கிறது. தாயை எங்கே விட்டீர்களோ அங்கேயே இதையும் கொண்டு போய் விடுங்கள். சீக்கிரம் வாருங்கள். வந்தால் மரத்தை நான் காட்டுகிறேன்.'

டீ ஆறிப் போயிருச்சு சார். வேற போடச் சொல்லட்டுமா? வேண்டாமா?

ஆமா, கேட்டாரு. டாக்டரு கேட்டாரு. நல்ல மனுஷன் அவரு. ஊசி போட்டதுமே என்னக் கூப்புட்டு, "பெரியவரே, குட்டி கிட்டி பாத்திருக்கீங்களா?"ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். வண்டியில ஏத்தறப்ப மறுபடியும், "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாரு. இல்லவே இல்லைன்னேன். மயிலா என் முதுகுக்குப் பின்னால நின்னு சட்டைய இழுத்து இழுத்துச் சொல்றா, "மேல பாருங்க, மேல பாருங்க"ன்னு. கேட்டுச்சு சார். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. நிமிந்து பாத்தா குட்டி தெரிஞ்சிரும். தெரிஞ்சிருச்சுன்னா நான் இருக்குன்னு சொல்லணும். சொன்னா கூண்டத் தொறந்து விட்டுருவாங்க. மறுபடி மெட்ராசு, மறுபடி அனுமதி, மறுபடி அந்தப் பொம்பளைங்க வேலையில்லாம ஒக்காருவாங்க, பூசாரி ஊத்துன எண்ணெய்க்கு வந்ததுதானன்னு என்னக் கேப்பாங்க. கட்டுப் போட்ட தோளோட இவ நிக்கறா. இவளுக்காகத்தான் இல்லைன்னு சொல்றேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

பதினோரு நாளா அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு, ஏழு மனு எழுதியிருக்கேன். அதுல ஒரு எடத்துலயும் இத எழுதல சார். வெக்கமா இருக்கு.

என்னங்க சார்? தாய்க்குக் கழுத்துல ரேடியோ பட்ட மாட்டியிருக்கா? அது எங்க இருக்குன்னு தெரியுமா? குட்டிய இன்னிக்கே பிடிச்சா அங்க கொண்டுபோய்ச் சேத்துப் பாக்கலாமா? சேத்துக்குமா சார் அது? உறுதி சொல்ல முடியாதா. சரி. சரி, கூப்புடுங்க உங்காளுங்கள, வலையோட வரச் சொல்லுங்க. கொய்யா மரத்தடியில அந்தச் சட்டிய எடுத்துக்கிட்டுப் போயிருங்க. கல்விளக்கையும் இன்னிக்குக் காலி பண்ணிடறேன். அம்மன் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.

மரம் எதுன்னு என்னக் கேக்காதீங்க சார். ஓடையோரம் முப்பது நாப்பது மரம் நிக்குது. எனக்குத் தெரியாது, நான் பாக்கல.

மயிலா, நீ முன்னால போ. நாங்க பின்னால வர்றோம்.